உள்ளிருந்து பார்த்த கதவு

சேலத்தில் நிலவியல் கற்பிப்பவர்களுக்குப் புதைபடிவம் இல்லாத பாறைகளே அன்றாடப் பழக்கம். சேர்வராயன் மலையின் சார்னகைட், அதன் உச்சிப் பரப்பில் உள்ள பாக்சைட், ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட், கஞ்சமலையின் இரும்புத்தாது என எங்கள் மாணவர்கள் கையில் எடுத்துப் பழகும் எதிலும் ஒரு சிப்பியோ இலையோ கிடைக்காது. ஆழத்தில் உருவான அல்லது வெந்து உருமாறிய பழைய பாறைகளும், அவை சிதைந்து உண்டான தாதுக்களும் அவை. அந்தத் துறையில் அமர்ந்துகொண்டு, கடலில் மிதந்த ஒற்றைச் செல் உயிரின் உறைக்கூட்டை ஆராயப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அதற்கு ஏன் சேலம் என்று சிலர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆத்தூர் வழியாகப் பேருந்து ஏறினால் ஒரே நாளில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை களிமண் காட்டுக்குப் போய்வர முடியும் என்பது ஒன்றே என் பதிலாக இருந்தது.

காரையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழைநீர் அறுத்த ஓடைகள் வரிவரியாக ஓடும் அந்த மேட்டில், வெயிலில் ஜிப்சத் துண்டுகள் கண்ணாடி போல் மின்னும். காலடியில், கணவாய் போன்ற பழங்கால உயிரின் தோட்டா வடிவப் புதைபடிவமான பெலம்னைட் கிடக்கும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், அது கடலின் அடிச்சேறு. எனக்குத் தேவையானது மேலே கிடப்பது அல்ல. வெயிலும் காற்றும் பட்ட மண்ணில் கரிமப் பொருள் சிதைந்துபோகும் என்பதால், கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை தோண்டி எடுத்த களிமண். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பையும், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இட்டு மணலையும் களியையும் கரைத்துவிட்டால், கரையாமல் எஞ்சுவதில் நான் தேடும் கூடுகள் இருக்கும். இரண்டாவது அமிலம் தோலைத் துளைத்து எலும்புவரை செல்லக்கூடியது. அதற்குரிய புகைபோக்கி அறை எங்களிடம் இல்லாததால், அந்த வேலையை வேறொரு ஊரின் ஆய்வகத்தில் முடித்து, ஸ்லைடுகளை மட்டும் சேலத்துக்குக் கொண்டுவந்தேன்.

நான் ஆராயும் ஒற்றைச் செல் உயிர்களுக்கு டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்று பெயர். அவற்றில் சில, பாலிணைவுக்குப் பின் தடித்த சுவருள்ள ஒரு கூட்டுக்குள் அடங்கிச் சேற்றில் உறங்கும். சிஸ்ட் என்பது அந்தக் கூடுதான். காலம் கூடி வரும்போது, சுவரின் குறிப்பிட்ட ஒரு பகுதி கதவு போலக் கழன்று விழ, உயிர் வெளியேறிவிடும். வெற்றுக் கூடு சேற்றில் தங்கும். அந்தத் திறப்புக்கு ஆர்க்கியோபைல் என்று பெயர். 1830களில் பெர்லினில் இயற்கையாளர் ஏரன்பெர்க் தீக்கல் சீவல்களுக்குள் இந்தக் கூடுகளைக் கண்டபோது, அவற்றின் மேலிருந்த முட்களைப் பார்த்து, சில வடிவங்களை நன்னீர்ப் பாசி இனம் ஒன்றோடு சேர்த்தார். 1933இல் ஓட்டோ வெட்செல் முள்ளம்பன்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இவற்றுக்கு ஹிஸ்டிரிகோஸ்ஃபியர் என்று பெயரிட்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முள்ளே முகவரியாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் புதைபடிவ ஆய்வாளர் வில்லியம் எவிட், முட்கள் நிற்கும் இடங்களும் கதவு கழலும் இடமும் உயிருள்ள டைனோஃபிளாஜெல்லேட்டின் உடலைப் போர்த்தும் தகடுகளின் அமைப்பையே பிரதிபலிக்கின்றன என்று காட்டினார். வகைப்பாடு முழுவதும் அதன் பிறகு திருத்தி எழுதப்பட்டது.

நான் கையில் எடுத்துக்கொண்ட வடிவம் ஸ்பினிஃபெரைட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அதில் மூன்று தகடுகள் சந்திக்கும் முச்சந்திகளில் முட்கள் நிற்கும். எனவே முள்ளின் நுனியும் மூன்றாகப் பிரியும். நடுவில் சிங்குலம் என்னும் இடைப்பட்டை உடலைச் சுற்றி வந்து, வயிற்றுப் பக்கத்தில் தொடங்கிய இடத்தோடு நேராகச் சேராமல் படி இறங்கியது போல விலகி முடியும். இடைப்பட்டைக்கு மேலே, முதுகின் நடுவில் உள்ள ஒரு தகடுதான் கதவு. இவ்வளவும் நூல்களில் இருப்பதுதான். நான் எண்ணிய முப்பத்து நான்கு கூடுகளில் பத்தொன்பதில் இடைப்பட்டையின் படி நூல் சொன்ன திசையில் இறங்கியது. பதினைந்தில் எதிர்த் திசையில் இறங்கியது. அதற்குமுன் அப்படி ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை. அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் பதினைந்தையும் மறுபடி வரைந்தேன். இரண்டு சிற்றினங்கள் என்று குறிப்பேட்டில் எழுதி, இரண்டாவதற்கு ஒரு பெயரையும் மனத்துக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள், ஓய்வுபெற்ற பின்னும் துறைக்கு வந்துபோகும் எங்கள் மூத்த பேராசிரியரிடம் வரைபடங்களைக் காட்டினேன். சார்னகைட்டிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். சிஸ்ட் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. வெகுநேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ இதை வெளியில நின்னு பார்க்கிறியா, உள்ள நின்னு பார்க்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

விடை உடனே விளங்கிவிட்டது. சிஸ்ட்டின் சுவர் ஒளி ஊடுருவக்கூடியது. கூடு குப்புற விழுந்திருந்தால், மேலே முதுகு இருக்கும். நுண்ணோக்கியின் குவியத்தைக் கீழே இறக்கும்போது தெரியும் வயிற்றுச் சுவரை நாம் கூட்டின் உட்புறத்திலிருந்து காண்கிறோம். அறைக்குள் நின்று கண்ணாடிக் கதவில் எழுதிய எழுத்தைப் படிப்பது போல, இடமும் வலமும் மாறிவிடும். பதினைந்து கூடுகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கதவுத் திறப்பு மேல் குவியத்திலும், இடைப்பட்டையின் முனைகள் கீழ்க் குவியத்திலும் இருந்தன. அவை வேறு சிற்றினம் அல்ல. குப்புறக் கிடந்த அதே சிற்றினம். அன்று முதல் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் எந்தக் குவியம், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று எழுதாமல் நான் ஒரு கோடும் வரைவதில்லை. மாணவர்களையும் வரைய விடுவதில்லை.

முட்களின் நீளம் வேறொரு சோதனையாக அமைந்தது. குட்டை முள், நெட்டை முள் என்று கண்ணுக்குத் தெளிவாக இரண்டு கூட்டங்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் மைக்ரானில் அளந்து வரிசைப்படுத்தியபோது இடைவெளி எங்கும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாக நீண்டுகொண்டே போயின. இன்றும் கடலில் வாழும் லிங்குலோடினியம் என்னும் இனத்தின் சிஸ்ட்டில், நீரின் உப்புத்தன்மைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப முள்ளின் நீளம் மாறுவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரே சிற்றினத்தின் உடலில் கடலின் உப்பு எழுதிய எழுத்தை, வேறு சிற்றினத்தின் பெயராக நான் வாசித்திருப்பேன்.

எஞ்சியது ஒரே ஒரு பண்பு: அடிமுனையில் இரண்டு முட்களை இணைக்கும் மெல்லிய சவ்வு. இதை நான் நம்புகிறேன். ஆனால் அது ஐயமின்றித் தெரிவது ஒன்பது கூடுகளில் மட்டுமே. மற்றவற்றில் மடிந்திருக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது, அல்லது இருந்ததா என்றே சொல்ல இயலவில்லை. ஒன்பதும் ஒரே ஓடையின் ஒரே மட்டத்திலிருந்து வந்தவை. புதுச் சிற்றினத்துக்கு எழுதும் வேறுபாட்டுக் குறிப்பில், மற்றவற்றிலிருந்து இதைப் பிரிப்பது எது என்று ஓரிரு வரிகளில் சொல்ல வேண்டும். அந்த வரிகளை எழுதிப் பார்த்தேன். ஒரு சவ்வின் மீது மட்டுமே அவை நின்றன.

பெயரிடுவதற்கு மாதிரியும் நிலைத்திருக்க வேண்டும். 1958 ஜனவரி 1 முதல், பெயருக்கு ஆதாரமான வகைமாதிரி சுட்டப்படாத புதுச் சிற்றினப் பெயர், பாசிகளுக்கும் தாவரங்களுக்கும் உரிய பெயரிடல் விதிப்படி செல்லாது. 1990 முதல் அந்த மாதிரி எங்கே பாதுகாக்கப்படுகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த மிகச் சிறந்த கூடு, கிளிசரின் ஜெல்லியில் பதித்த ஸ்லைடில் இருந்தது. சேலத்துச் சித்திரை வெயிலில், மின்விசிறி நின்ற ஒரு மதியம், இரும்பு அலமாரிக்குள் ஜெல்லி இளகிவிட்டது. எழுதி வைத்த இட எண்ணுக்கு நுண்ணோக்கியை நகர்த்தினால் அங்கே வெறும் ஒளி. மூன்று நாள் தேடி, ஸ்லைடின் ஓரத்தில் அதைக் கண்டேன், சவ்வு மடிந்திருந்தது. பத்துக் கோடி ஆண்டு சேற்றில் கிடந்தும் கலையாதது என் அலமாரியில் கலைந்தது என்னும் வருத்தம் இன்னும் குறையவில்லை. இப்போது இளகாத பிசினில்தான் பதிக்கிறோம்.

கட்டுரையின் கைப்படியில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. முழு விவரிப்பும், அளவுகளும், இரு குவியங்களிலும் எடுத்த படங்களும் இருக்கின்றன. தலைப்பில் 'ஸ்பினிஃபெரைட்டிஸ், சிற்றினம் அ' என்று மட்டும் இருக்கிறது. பெயரிட்டிருக்கலாமே என்று அன்போடு கேட்கும் நண்பர்களுக்கு, நான் அந்த ஒன்பது கூடுகளின் படத்தைக் காட்டுகிறேன். மழை ஓய்ந்து தை பிறந்ததும், அதே காரையில் அடுத்த ஓடையில், ஒரு மீட்டர் கீழே உள்ள கருங்களியைத் தோண்ட இரண்டு மாணவிகளோடு போகிறேன்.