அப்பத்தாவிடமே கேளுங்கள்

ரொம்ப வயதானவர்களை ஆய்வுக்காகப் பார்க்கப் போனால் முதல் சிக்கலே வயதுதான். ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும், வருடமும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. லாசி என்று சொல்லப்படும் இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்றில், 2017-18-இல், ராமநாதபுரம் பக்கம் களப்பணியில் இருந்தேன். 45 வயதைத் தாண்டியவர்கள், அவர்களின் கணவன் மனைவி என்று 72,000-க்கும் மேற்பட்டவர்களை நாடு முழுக்கச் சந்திப்பது, சில வருடம் கழித்து அதே ஆட்களைத் திரும்பப் பார்ப்பது என்று திட்டம். ஒரு அப்பத்தாவின் அட்டைப்படி வயது 75. தனுஷ்கோடி புயலப்போ மூத்த மகளுக்குப் பதினாலு, அவளைப் பெத்தப்போ எனக்குப் பதினெட்டு இருக்கும் என்றார். புயல் அடித்தது 1964 டிசம்பரில். கணக்குப் போட்டால் 85 வருகிறது!

அதைவிடப் பெரிய சிக்கல், அவர்களைப் பேச விடமாட்டார்கள். "அதுக்கு என்னங்க தெரியும், காதும் கேக்காது, நான் சொல்றேன் எழுதிக்கங்க" என்று மகனோ மருமகளோ முன்னால் வந்துவிடுவார்கள். பாசம்தான், குறை சொல்ல மாட்டேன். நினைவு தப்பியவர்களுக்காக வீட்டார் பதில் சொல்ல ஆய்விலேயே வழி உண்டு, அது தேவையும்கூட. ஆனால் காது மந்தமும் நினைவு தப்புவதும் ஒன்றா? பக்கத்தில் உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி நிதானமாக 'இது என்ன மாசம்' என்று கேட்டால் "ஆவணி" என்று பட்டென்று வரும். ஆகஸ்ட் என்று சொல்லவில்லையே என்று அதை மறதிக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம் 1921-இல் பிறந்தவர்களை அவர்களின் 85 வயதில், 2006 முதல், நர்சுகள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். 845 பேரில் நோயே இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் என் வயதுக்காரர்களோடு பார்த்தால் என் உடம்பு நன்றாகவே இருக்கிறது என்று சுமார் 78 சதவீதம் பேர் சொன்னார்கள். இதைப் படித்தபோது அந்த அப்பத்தாதான் ஞாபகத்துக்கு வந்தார். "ஒன்னும் முடியாதுங்க, மூலையிலதான் கெடக்குது" என்றார் மருமகள். அப்பத்தாவிடம் கேட்டால், "நல்லாத்தேன் இருக்கேன், கண்ணுதான் மறைக்குது, அதக் காட்டணும்." கண்புரைதான். இந்த வயசுக்கு மேல எதுக்கு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மதுரைக்குப் போனால் சரிசெய்துவிடலாம், அதை யாரும் சொல்லவே இல்லை. என்ன மாத்திரை போடுகிறார் என்று மகன் சொல்லலாம், மனசு எப்படி இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்?

இந்த வயதில் அடுத்த சுற்று வரைக்கும் பலர் இருக்கமாட்டார்கள். நாம் கேட்டு வாங்கும் ஒரே பதிலே அவர்களின் கடைசிப் பதிலாக இருக்கலாம். களத்துக்குப் போகிற தம்பி தங்கைகளே, மேற்பார்வையாளர் எத்தனை வீடு முடிந்தது என்று கேட்கத்தான் செய்வார், பரவாயில்லை, முதலில் அவர்களிடமே கேளுங்கள். முடிந்தால் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் அசந்துவிடுவார்கள்.