பெயர் பொறித்த போக்கர் சிப் செட்: பரிசளிக்கும் முன்

போக்கர் ஆடுகிற ஒருவருக்கு அவர் பெயர் பொறித்த சிப் செட் (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வட்ட வில்லைகள்) கொடுக்கலாம் என்று தோன்றியதும், சிப்பின் வட்ட முகத்தில் எந்தப் படத்தைப் போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் மனம் போகும். ஆட்டம் நடக்கும்போது அந்த முகம் கண்ணில் படுவதே குறைவு. சிப்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது விளிம்பு மட்டும்தான். எதிராளியிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று விளிம்பின் நிறத்தையும் அடுக்கின் உயரத்தையும் வைத்தே கணக்குப் போடுவார்கள். அதனால் எண்ணிக்கை, நிறம், விளிம்பு, கையில் படும் உணர்வு இவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். அவர் ஆடுவது கேஷ் கேமா (சிப்புக்கு நேரடிப் பண மதிப்பு உண்டு), டோர்னமென்ட்டா (எல்லோரும் ஒரே அளவு சிப்போடு தொடங்கி, ஒருவர் மிஞ்சும்வரை ஆடுவது)? ஒரு மேஜையில் அதிகபட்சம் எத்தனை பேர்? இப்போது அவர் வைத்திருக்கும் சிப்களில் என்னென்ன மதிப்புகள் இருக்கின்றன? பரிசு ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் அவரோடு வழக்கமாக ஆடும் ஒருவரிடம் கேளுங்கள். இவை தெரியாமல் வாங்கிய செட் அழகாக இருந்தாலும் அலமாரியிலேயே தங்கிவிடும். ஏனென்றால் இரண்டு வகை ஆட்டத்துக்கும் தேவைப்படும் பிரிவு முற்றிலும் வேறு.

டோர்னமென்ட் என்றால் கணக்கு இப்படிப் போகும். பத்து பேர், ஆளுக்கு 10,000 தொடக்க மதிப்பு, முதல் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 25-50 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 25 மதிப்பில் 8, 100 மதிப்பில் 8, 500 மதிப்பில் 6, 1000 மதிப்பில் 6. கூட்டினால் 200, 800, 3000, 6000, சரியாக 10,000. ஆளுக்கு 28 சிப், பத்து பேருக்கு 280. ஆனால் 280 போதாது. பிளைண்ட் உயர உயர சின்ன மதிப்புச் சிப்களை மேஜையிலிருந்து எடுத்துவிட்டுப் பெரிய மதிப்பில் மாற்றிக் கொடுக்க வேண்டும். எண்பது 25-களை எடுத்தால் 2000, எண்பது 100-களை எடுத்தால் 8000. இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பத்து 1000 சிப்கள் கூடுதலாக வேண்டும். அறுபது 500-களை எடுக்கும்போது ஆறு 5000 சிப்கள். தோற்றவர்களில் ஐந்து பேர் மறுபடி பணம் கட்டி உள்ளே வந்தால் இன்னும் பத்து 5000 சிப்கள். இருபதின் மடங்காகத் திருத்தினால் 25-இல் 80, 100-இல் 80, 500-இல் 60, 1000-இல் 80, 5000-இல் 20, ஆக 320. இந்தப் பட்டியலை அப்படியே தயாரிப்பாளரிடம் கொடுக்கலாம்.

கேஷ் கேமுக்கு வேறு பிரிவு. பிளைண்ட் 1-2, ஒருவர் 200-க்கு உட்காருகிறார் என்றால் 1-இல் 20, 5-இல் 16, 25-இல் 4. பத்து பேருக்கு 200, 160, 40. ஆட்டம் சூடுபிடித்தால் மறுபடி மறுபடி வாங்குவார்கள். அவர்களுக்குச் சின்னச் சிப்கள் தேவையில்லை, 25-உம் 100-உம் போதும். அதனால் 1-இல் 200, 5-இல் 160, 25-இல் 100, 100-இல் 40 என்று 500-ஐப் பிரித்தால் எந்த இரவுக்கும் தாங்கும். ஒவ்வொரு மதிப்பும் முந்தையதைப்போல் நாலு அல்லது ஐந்து மடங்காக இருப்பது நல்லது. 1, 2, 5, 10 என்று நெருக்கமாக வைத்தால் சில்லறை மாற்றுவதிலேயே நேரம் போகும்.

கடையில் கிடைக்கும் 500 சிப் பெட்டிகளில் அடிக்கடி காணும் குறை, ஐந்து நிறங்களிலும் நூறு நூறாகச் சமமாக வைத்திருப்பது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். கேஷ் கேமில் சின்ன மதிப்பு பாதி இரவிலேயே தீர்ந்துவிடும், பெரிய மதிப்பு தூங்கும்.

எண்ணோடு நாணயக் குறி போடாதீர்கள். வெறும் 25 என்று இருந்தால் இன்றைக்கு அதை 25-ஆகவும், நாளைக்குச் சின்னப் பந்தயத்தில் 0.25-ஆகவும், வேறொரு நாள் டோர்னமென்ட் புள்ளியாகவும் வைத்துக்கொள்ளலாம். குறி விழுந்துவிட்டால் அந்தச் செட் ஒரே வகை ஆட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிடும். எண்ணே இல்லாமல் நிறத்தால் மட்டும் பிரிக்கிற செட்களும் உண்டு. பழகிய கூட்டத்துக்கு அது சரிவரும். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எந்த நிறம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

எடை பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது: கனமாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று. கேசினோக்களில் புழங்கும் களிமண் கலவைச் சிப் சுமார் 8.5 முதல் 10.5 கிராம்தான். 11.5 கிராம், 14 கிராம் என்று விளம்பரம் செய்பவை பெரும்பாலும் நடுவில் உலோகத் தகடு பதித்த பிளாஸ்டிக். தகடு எடையைத் தரும். கூடவே கணீரென்ற ஓசையையும் வழுக்கலையும் தரும். களிமண் சிப்போ மந்தமான, மிருதுவான சத்தம் எழுப்பும். ஒன்றன்மேல் ஒன்று நகராமல் உட்காரும். இன்னொரு நடைமுறைக் கணக்கு: 14 கிராம் சிப் ஐந்நூறு என்றால் பெட்டியைச் சேர்க்காமலே 7 கிலோ. அலுமினியப் பெட்டியின் கைப்பிடி பெயர்வதும் கீல் வளைவதும் இதனால்தான். ஒவ்வொரு வாரமும் வேறொருவர் வீட்டுக்குத் தூக்கிப் போகிறவருக்கு இந்தச் சுமையைக் கொடுக்காதீர்கள்.

சிப்பில் பெயர் ஏறும் வழிகள் நாலு. சூடான அச்சால் பளபளக்கும் தாளை அழுத்திப் பதிப்பது ஹாட் ஸ்டாம்ப். ஒற்றை நிறம், பெரிய எழுத்து, மூன்று நாலு எழுத்துச் சுருக்கம் போதுமென்றால் இதுவே சிக்கனமானது. மெல்லிய கோடுகள் இதில் உடைந்து வரும். ஆண்டுக்கணக்கில் கை பட்டால் மினுமினுப்பு தேயும்.

அடுத்தது லேபிள். சிப்பின் நடுவில் இருக்கும் குழியில் அச்சிட்ட ஒட்டியை வைப்பது. குழியின் விட்டம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். லேபிள் குழியைவிடச் சிறியதாக இருந்தால் சுற்றிலும் இடைவெளியில் அழுக்கு சேரும். தடிமனாக இருந்து குழிக்கு மேலே எழும்பினால் ஒவ்வொரு முறை அடுக்கும்போதும் உரசி ஓரம் பெயரும். முன்னும் பின்னுமாக 500 சிப்புக்கு 1000 லேபிள். அவற்றைக் கையால் ஒட்டப்போகிறீர்களா, ஒட்டித் தருவார்களா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

மூன்றாவது செராமிக் எனப்படுவது. பெயர்தான் செராமிக், பீங்கான் இல்லை, கடினமான பிசின் வகை. வெப்பத்தால் மை ஆவியாகி மேற்பரப்புக்குள் ஊறுவதால் முகம் முழுக்க, விளிம்பு வரை படம் போடலாம்; உரிந்து வராது. பரிசு என்ற வகையில் எண்ணிக்கையும் படமும் இரண்டும் முக்கியம் என்றால் என் தேர்வு இதுவே. ஒரு குறை உண்டு: விளிம்பும் முகமும் பல தயாரிப்பாளர்களிடம் தனித்தனியாக அச்சிடப்படுகின்றன. முகத்தில் உள்ள பட்டை விளிம்பில் தொடர்வதுபோல் வடிவமைத்தால் இரண்டும் சற்று விலகி நிற்கும். சீராகப் பொருத்தித் தருவோம் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லாவிட்டால், ஒன்றோடொன்று சேரத் தேவையில்லாத விளிம்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நாலாவது, களிமண் கலவையை அச்சில் அழுத்தும்போதே நடுப்படத்தையும் சேர்த்து அழுத்துவது. படம் சிப்போடு ஒன்றாகிவிடும். விளிம்பில் தெரியும் நிறப் பட்டைகளும் அச்சு இல்லை, வேறு நிறக் கலவையை வெட்டிப் பதித்தவை. தொட்ட கை மறக்காத வகை இது. விலையும் காத்திருப்பும் மற்ற எதையும்விட அதிகம். பிறந்தநாளுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். கேசினோக்களுக்குச் செய்துகொடுக்கும் பால்சன் போன்ற நிறுவனம் தனிநபர்களுக்கு விற்பதில்லை. வீட்டு ஆட்டக்காரர்களுக்குச் செய்துதரும் சிறு தயாரிப்பாளர்களைத்தான் நாட வேண்டும். உண்மையான ஒரு கேசினோவின் சிப்பைப் போலவே வேண்டும் என்று கேட்கவும் கூடாது. அது போலிச் சிப் ஆகிவிடும், நாணயமான தயாரிப்பாளர் மறுத்துவிடுவார்.

இனி நிறம். அமெரிக்காவில் வழக்கமாகிவிட்ட வரிசை 1 வெள்ளை, 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு, 500 ஊதா, 1000 மஞ்சள். பல ஆட்டக்காரர்களின் கண் இதற்குப் பழகியிருப்பதால் காரணமின்றி மாற்ற வேண்டாம். மாற்றினாலும் அடர்நீலத்தையும் கறுப்பையும் ஒரே செட்டில் சேர்க்காதீர்கள். மஞ்சள் விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகிவிடும். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத ஒருவர் மேஜையில் இருக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு மதிப்புக்கும் விளிம்புப் பட்டையின் எண்ணிக்கையையோ அகலத்தையோ மாற்றுங்கள்: ஒன்றில் நாலு குறுகிய பட்டை, அடுத்ததில் மூன்று அகலமானவை என்று. எளிய சோதனை ஒன்று உண்டு. மாதிரிச் சிப்களைப் பக்கவாட்டில் அடுக்கிப் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் எது எது என்று சொல்ல முடிந்தால் விளிம்பு சரி.

முகத்தின் வடிவமைப்பில் எண்ணுக்கே முதலிடம். 25 மில்லிமீட்டர் வட்டத்தில் எண் 8 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும், இரண்டு பக்கமும். ஓரத்தை ஒட்டி மெல்லிய வட்டக் கோடு போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அரை மில்லிமீட்டர் நகர்ந்து அச்சானாலும் அந்தக் கோடு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்ணத்தை ஓரத்துக்கு வெளியே 2 மில்லிமீட்டராவது நீட்டி விடுங்கள், எழுத்தை அதே அளவு உள்ளே தள்ளி வையுங்கள். புகைப்படம் போட்டால் ஒரே ஒரு முகம்; குடும்பப் படத்தை இந்த அளவுக்குச் சுருக்கினால் யாரையும் அடையாளம் தெரியாது. படத்தின் தெளிவு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) இருந்தால் நிம்மதி, அதாவது 25 மில்லிமீட்டருக்குச் சுமார் 590 பிக்சல்.

தமிழில் பெயர் போடுவோர் இதைக் கட்டாயம் கவனியுங்கள். தயாரிப்பாளரின் மென்பொருளில் தமிழ் எழுத்துருவுக்குச் சரியான ஆதரவு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி எழுத்தை விட்டு விலகி நிற்கும். அவர்களுக்கு அது தவறு என்றே தெரியாது. எழுத்தாக அனுப்பாமல், கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அதில் எதுவும் நகராது. எழுத்துருவில் தடிமன் சீராக இருக்கட்டும். ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் மை நிரம்பி அடைந்துவிடும், ஹாட் ஸ்டாம்ப்பில் இன்னும் மோசம். உண்மை அளவில் வீட்டிலேயே காகிதத்தில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

“ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்து” என்பதை ஐந்நூறு சிப்பிலும் போட வேண்டாம். அடுத்த ஆண்டே அது பழைய செய்தியாகிவிடும். சிப்பில் பெயரோ, அவர்கள் கூட்டத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயரோ போதும். வாழ்த்தையும் தேதியையும் டீலர் பட்டனில் (அந்தச் சுற்றில் சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) போடுங்கள். மேஜையைச் சுற்றி ஒவ்வொருவர் முன்னாலும் வந்து உட்காரும் பொருள் அதுதான். சிப்பைவிடப் பெரியது, எழுத்துக்கு இடமும் உண்டு. கையில் பணம் குறைவு என்றால் அச்சில்லாத நல்ல சிப் செட்டும் பெயர் பொறித்த டீலர் பட்டனும் சேர்ந்தது, மட்டமான சிப்பில் பெயர் பொறித்த செட்டைவிடப் பல மடங்கு மேல்.

மொத்த ஆர்டருக்கு முன் மாதிரி வாங்காமல் இருக்காதீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் சில போதும். சமமான கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக வைத்து விரலால் சுண்டுங்கள். பம்பரம்போல் நெடுநேரம் சுற்றினால் நடுப்பகுதி புடைத்திருக்கிறது, அடுக்கினால் ஆடும். முழு செட் வந்ததும் இருபது இருபதாக அடுக்கி நிறத்துக்கு நிறம் உயரத்தை ஒப்பிடுங்கள். 3.3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் இருபது சேர்ந்து 66 மில்லிமீட்டர். சிப்புக்கு 0.1 மில்லிமீட்டர் கூடினாலும் இருபதில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அப்புறம் கண்ணால் பார்த்து அடுக்கை மதிப்பிட முடியாது.

பெட்டியின் பள்ளங்கள் வழக்கமான 39 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வெட்டப்பட்டவை. 43 மில்லிமீட்டர் சிப் அதில் இறங்காது. நூறு நூறாக வைக்கும் அக்ரிலிக் தட்டுகள் இருந்தால் எண்ணுவதும் பங்கிடுவதும் சுலபம்.

ஒவ்வொரு நிறத்திலும் பத்து சிப்பாவது கூடுதலாகச் சொல்லிவையுங்கள். தொலைந்த பிறகு அதே நிறத்தை மறுபடி கேட்டால் அடுத்த தொகுதியில் சாயல் மாறியே வரும், ஒரு அடுக்கில் அந்த ஒரு சிப் மட்டும் தனியாகத் தெரியும். அந்தக் கூடுதல் சிப்களைத் தனிப் பையில் போட்டு, வடிவமைப்புக் கோப்பு இருக்கும் பென் டிரைவையும், தயாரிப்பாளரின் நிற எண்களும் ஒவ்வொரு மதிப்பின் எண்ணிக்கையும் எழுதிய சீட்டையும் பெட்டியின் மூடிக்கு அடியில் வைத்துக் கொடுங்கள்.