உலக்கைக்குப் பூண்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தைக் கடந்து வந்திருந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவர், வாயைக் கைக்குட்டையால் மூடியபடியே என் முன்னால் அமர்ந்தார். மேல்வரிசையின் நடுப்பல் ஒன்று முரசு (ஈறு) மட்டத்தோடு முறிந்திருந்தது. வேர்ச்சிகிச்சை செய்து பல வருடங்களான பல் அது. அதற்குப் பின் பல்லை மூடும் உறை போடப்படவில்லை. "பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்க ஏலாமக் கிடக்கு டொக்டர். வேருக்குள்ள ஒரு கம்பியை இறக்கி இண்டைக்கே கட்டித் தாங்க" என்றார். எக்ஸ்ரேயில் வேர் நலமாகத் தெரிந்தது. நுனியில் கருமை இல்லை, பிளவும் இல்லை. கம்பியை இன்றைக்கே இறக்கியிருக்கலாம், நான் இறக்கவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

அவரை வெறுங்கையோடு அனுப்பியது இரண்டு நாளாக மனத்தை அரிக்கிறது. ஆனாலும் காரணம் சரியானது. அவர் கேட்ட கம்பி, அதாவது வேருக்குள் நிறுத்தும் போஸ்ட், பல்லுக்கு வலுச் சேர்க்கிறது என்று நோயாளர்கள் மட்டுமல்ல, ஒரு காலத்தில் நானும் நம்பினேன். அதன் வேலை, உறைக்கு அடியில் கட்டும் செயற்கைப் பல்மொட்டைப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே. அதற்காக வேரை அகலமாகக் குடைந்தால் வேர்தான் மெலிகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவருக்குத் தடித்த உலோகப் போஸ்ட் ஒன்றை வைத்தேன். இரண்டு வருடத்தில் அந்த வேர் நெடுக்காகப் பிளந்தது, பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

உலக்கையின் நுனி பிளக்காமல் இருப்பது அதைச் சுற்றியுள்ள உலோக வளையமான பூணால். பல்லுக்கும் அப்படித்தான்: முரசுக்கு மேலே சொந்தப் பல் சுற்றிவர 1.5 முதல் 2 மில்லிமீற்றர் உயரத்துக்காவது நின்று, உறையின் விளிம்பு அதை வளைத்துப் பிடிக்க வேண்டும். அந்த விளிம்பு இல்லாவிட்டால் கடிக்கும் விசை முழுவதும் போஸ்டின் வழியாக வேருக்குள் இறங்கிவிடும். ஆசிரியையின் பல்லில் அந்த விளிம்பு இல்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

விளிம்பை உண்டாக்க ஒரு வழி உண்டு: வேரைக் கீழ்நோக்கி இழுப்பது. பக்கத்துப் பற்களில் கம்பி ஒட்டி, வேரில் ஒரு கொக்கி பொருத்தி, இறப்பர் நூலால் மெல்ல இழுக்கத் தொடங்கினேன். முரசும் எலும்பும் வேரோடு சேர்ந்து இறங்கிவிடாதிருக்க, வாரந்தோறும் முரசு நார்களை வெட்டிவிட வேண்டும். கம்பியில் தற்காலிகப் பல்லொன்றை ஒட்டிக் கொடுத்ததும் கைக்குட்டை கைப்பைக்குள் போனது.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டரை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது. இனி ஆறு வாரம் அசையாமல் கட்டிவைக்க வேண்டும். அவசரப்பட்டால் வேர் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று போஸ்ட் வைத்தேன். எச்சில் படாமல் இறப்பர் விரிப்பு கட்டி, வேர்க்கால்வாயில் நிரப்பியிருந்த கட்டாபெர்ச்சா என்ற இறப்பர் போன்ற பொருளை அகற்றி, கிருமிகள் நுனிக்கு எட்டாதிருக்க அடியில் 5 மில்லிமீற்றரைத் தொடாமல் விட்டேன். கால்வாயின் அகலத்தைக் கூட்டவில்லை. அதற்கேற்ற மெல்லிய பைபர் போஸ்டையே தெரிந்தெடுத்தேன். உருக்கின் விறைப்பு பல்லினுடையதைப்போல் பத்து மடங்குக்கும் மேல், பைபரோ பல்லுக்கு நெருங்கியே வளையும். பைபர் தோற்கும்போது பெரும்பாலும் ஒட்டுத்தான் விடும், திரும்ப ஒட்டலாம். உலோகம் தோற்கும்போது பல நேரம் வேரையே பிளந்துவிடும். றெசின் ஒட்டு இறுகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிய மொட்டைச் சுற்றி இரண்டு மில்லிமீற்றர்ச் சொந்தப் பல் தெளிவாகத் தெரிந்தது. பெப்ரவரியில் அங்கே முரசு மட்டுமே இருந்தது.

மே 13, செவ்வாய்

உறை பொருந்திவிட்டது. பற்கள் எங்கே முட்டுகின்றன என்று காட்டும் கடிதாளில் மூன்று முறை சரிபார்த்து, கீழ்த்தாடையை முன்னே உந்தும்போது பாரம் அந்தப் பல்லில் மட்டும் விழாதபடி தேய்த்துச் சரிசெய்தேன். இறால் ஓட்டை முன்பல்லால் உரிக்க வேண்டாம் என்றேன். "எங்கட வீட்டில உரிக்கிறதே நான்தான் டொக்டர், இனிக் கையால உரிக்கிறன்" என்றார். நவம்பரில் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன்.