ஐந்து சொட்டு

கைப்பையின் அடியிலிருந்து அந்த அம்மா எடுத்த புட்டி டிஷ்யூ தாளில் சுற்றியிருந்தது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் நான் வேலை செய்யும் மருந்தகத்தில் மதிய நேரம், கூட்டமில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"மிஸ், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆன்லைன்ல வாங்குனது. பிள்ளைக்கு ராத்திரி அஞ்சு சொட்டு விடுறேன். எப்பிலிம்கூட குடுக்கலாமா?"

மகனுக்கு 7 வயது, வயதுக்கு மெலிந்த உடம்பு, 18 கிலோ. 3 வயதிலிருந்து வலிப்பு, அதற்குத்தான் எப்பிலிம். புட்டியில் பச்சை இலைப் படம், 30 மில்லி, 500 மில்லிகிராம் சி.பி.டி. என்று எழுதியிருந்தது. சி.பி.டி. என்பது கஞ்சாச் செடியில் இருக்கும், போதை தராத ஒரு பொருள்.

அப்போது நான் மருந்தாளுநராகி 12 வருடம். அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அக்கா, இது கஞ்சா எண்ணெய். வெச்சிருந்தாலே போலீஸ் கேஸ்" என்றேன். அவர் முகம் மாறியது. புட்டியை மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு அவர் வரவேயில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா இனச் செடியின் எந்தப் பகுதியில் பிசின் இருந்தாலும், அது எத்தனை சிறிய அளவானாலும், செடிக்கு என்ன பெயர் வைத்தாலும் கஞ்சாதான். 'இது ஹெம்ப், போதை ஏறாது' என்ற விளம்பரப் பேச்சு இங்கே செல்லாது. கையில் வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 200 கிராமைத் தொட்டால் கடத்தல் என்றே சட்டம் கருதும். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீங்கியது. ஆனாலும் நீதிபதி விதிக்க நினைத்தால் அந்தத் தண்டனை இன்னும் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த அம்மா சட்டம் கேட்க வரவில்லை. இரண்டு மருந்தும் பிள்ளையின் உடம்பில் மோதுமா என்று கேட்க வந்தார். அது என் தொழில். அதற்குத்தான் எனக்குப் பதில் இல்லை.

நான் படித்தபோது கஞ்சா பற்றி எங்களுக்கு வந்தது போதைப் பழக்கம் என்ற தலைப்பின் கீழ் ஒரு பக்கம், அவ்வளவுதான். பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் கெத்தும் என்ற போதை தரும் இலையைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் அளவுக்கு ஆராய்ச்சி செய்திருக்கிறது. கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு செடியை அறிவியலாகப் பார்க்க நம் ஊருக்குத் தெரியும். கஞ்சாவை மட்டும் நாங்கள் பார்க்காமலே விட்டுவிட்டோம்.

2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்துக்கு எழுத்து மூலம் பதில் தந்திருந்தார். கஞ்சா கலந்த மருந்துப் பொருளை மருத்துவத்துக்காக இறக்குமதி செய்யவோ பயன்படுத்தவோ சட்டத்தில் வழி உண்டு. ஆனால் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், உரிமம் பெற்றவர் வழியாகத்தான் நோயாளிக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். கதவு பூட்டியிருக்கிறது, சாவி உண்டு என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். ஒரு நாள் கதவு திறந்தால் கவுண்டரில் நிற்கப்போவது நாங்கள்தானே? அதற்குள் படித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

தேடியபோது குப்பையும் முத்தும் கலந்தே கிடைத்தன. ஒரு வார இறுதியில் 'நிபுணர்' சான்றிதழ் தருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் எண்ணெய் விற்பவர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மருந்தியல் கல்லூரி 2019-இல் இதற்கென்றே இரண்டாண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதற்கு எனக்குப் பணமும் இல்லை, காலமும் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தின் 11 மாதச் சான்றிதழ் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். நான் பார்த்தது மூன்றே விஷயம்: பாடம் நடத்துபவர்கள் யார், எண்ணெய் நிறுவனங்களின் பணம் அதில் உண்டா, பாதகங்களுக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். பாதகத்தைப் பேசாத படிப்பு வியாபாரம்.

கட்டணம் நம் காசுக்கு ஏறத்தாழ 9,000 ரிங்கிட், மூன்று தவணை. முதல் தவணை கட்டும்போது என் வங்கி அட்டையை நிறுத்திவிட்டார்கள். பெறுபவர் பெயரில் இருந்த, கஞ்சாவைக் குறிக்கும் அந்த ஒரு சொல்தான் காரணம். அரை மணி நேரம் தொலைபேசியில் விளக்கினேன்.

வீட்டில் அம்மாவுக்கு விளக்க அதைவிட அதிக நேரம் ஆனது. "கஞ்சாவைப் படிக்கப் போறியா? வெளியில சொன்னா நம்ம மானம் என்ன ஆவுறது?" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னார்: "உங்க தாத்தா இருந்த எஸ்டேட்ல ஒரு வைத்தியர் லேகியம் வெச்சிருந்தாராம். பசி எடுக்காதவங்களுக்குத் துளியூண்டு குடுப்பாராம். அதுல இதுதான்னு தாத்தா சொல்லுவாரு." சித்த மருத்துவத்தில் இது இருந்தது என்று எங்கோ படித்திருக்கிறேன், எங்கள் வீட்டுக் கதையிலும் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

சேர்வதற்கு முன் வழக்கறிஞரான தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். படிப்பது குற்றமில்லை, செடியோ எண்ணெயோ மாதிரியோ எதையும் தொடாதே, வரவழைக்காதே என்றார். இதை நான் எல்லாருக்கும் சொல்வேன். வெளிநாட்டுப் படிப்புகளில் சிலவற்றில் வாசனை அறியும் பயிற்சிப் பெட்டி தபாலில் வரும். சேரும்போதே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நேரடி வகுப்பு அவர்களுக்கு மாலை 7 மணி. நமக்கு மறுநாள் காலை 7. நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அது 8 ஆனது. 9 மணிக்குக் கடை திறக்க வேண்டும். எங்கள் பாஸ் சீனர், அதிகம் பேசமாட்டார். நான் காரில் உட்கார்ந்து வகுப்பைக் கேட்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, பின் அறையில் மேசை போட்டுக் கொடுத்தார்.

பாடத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் நம் உடம்புக்குள்ளேயே இருக்கும் ஒரு ஏற்பாட்டைப் பற்றியது. 1964-இல் இஸ்ரேலில் ரபேல் மெசூலமும் யெஹியேல் காவோனியும் போதைக்குக் காரணமான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தார்கள். அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது, 1990-இல் சி.பி.1 ஏற்பி, 1993-இல் சி.பி.2. நடுவில், 1992-இல், மூளை தானே சுரக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து அதற்கு ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். நம் ஆனந்தம்தான். காலை 7 மணிக்குத் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மெய் சிலிர்த்தது. வலி, பசி, நினைவு, தூக்கம் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாட்டுக்குக் கை உண்டு. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. மார்பின் போல இது மூச்சை நிறுத்திவிடாததற்கு அது ஒரு காரணம்.

1839-இல் கல்கத்தாவில் ஓஷானசி என்ற ஐரிஷ் மருத்துவர், அங்கிருந்த நாட்டு வைத்தியர்களிடம் கேட்டறிந்து, 40 நாள் குழந்தையின் வலிப்புக்கே இதைக் கொடுத்துப் பார்த்து எழுதிவைத்தார் என்றும் படித்தேன். அன்றிரவு அந்த அம்மா நினைவிலேயே இருந்தார்.

நான்காம் மாதம் எனக்கு அடி விழுந்தது. வலிப்பைப் பற்றிய கட்டுரையில் 'சி.பி.டி. வலிப்பைக் குணப்படுத்துகிறது' என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அந்த வரியைச் சிவப்பில் அடித்து, நான்கு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: எந்த வலிப்பு, எந்தப் பொருள், எந்த அளவு, எந்த மருந்தோடு? மதிப்பெண் போடவில்லை. கோபம் வந்தது. பிறகு மூல ஆய்வை எடுத்து வரி வரியாகப் படித்தேன். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் டிராவே நோய்க்குறி என்ற அரிய வகை வலிப்பு உள்ள 120 பேர். சி.பி.டி. எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு இடைநிலையாக 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆனது, வெறும் கரைசல் எடுத்தவர்களுக்கு 14.9 இலிருந்து 14.1. முழுதாக வலிப்பு நின்றவர்கள் 5 சதவீதம் மட்டும். ஒரு தாய்க்கு வலிப்பு பாதியாவது பெரிய விஷயம். ஆனால் அது குணம் இல்லை. அந்த ஒரு சொல்லை விலைபேசித்தான் இணையத்தில் புட்டி விற்கிறார்கள்.

இதுபோன்ற ஆய்வுகளின் பலத்தில்தான் 2018 ஜூனில் அமெரிக்க மருந்துத் துறை எபிடியோலெக்ஸ் என்ற சுத்தமான சி.பி.டி. கரைசலை ஏற்றது. டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு அரிய வகை வலிப்புக்கு. 2020-இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயில் வரும் வலிப்பும் சேர்ந்தது. எல்லா வலிப்புக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அளவுக் கணக்கு. முதல் இரண்டு நோய்க்கும் தொடக்க அளவு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. நான் யாரும் சொல்லாமலே 18 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வேளைக்கு 45, நாளுக்கு 90 மில்லிகிராம். அந்தப் புட்டியில் மில்லிக்கு 17 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து சொட்டு என்றால் கால் மில்லி. அதாவது 4 மில்லிகிராம். அதுவும் லேபிள் உண்மை சொன்னால். அதே 2017-இல் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்தபோது 26 மட்டுமே லேபிளில் சொன்ன அளவில் இருந்தன, 18-இல் டி.எச்.சி.யே இருந்தது. அந்தத் தாய் சட்டத்துக்குப் பயந்து, காசைக் கொட்டி வாங்கி, பிள்ளைக்கு விட்டது ஒரு நாளைய தொடக்க அளவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எப்பிலிம் கேள்விக்கும் பதில் கிடைத்தது. எப்பிலிம் என்பது சோடியம் வால்ப்ரோயேட். அதோடு சி.பி.டி. சேரும்போது கல்லீரல் நொதிகள் ஏறும் ஆபத்து கூடுகிறது. இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை எடுக்கும் பிள்ளையாக இருந்தால் அந்த மருந்தின் சிதைபொருள் இரத்தத்தில் ஏறி, பிள்ளை தூங்கி வழியும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் சி.பி.டி. பல மடங்கு உடம்பில் ஏறும். ஆகவே தினமும் ஒரே மாதிரிச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது. இரண்டு நிமிடப் பேச்சு.

மற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் பெரிய அறிக்கை பெரியவர்களின் நாட்பட்ட வலி, கீமோ வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குத்தான் பலமான சான்று கண்டது. புற்றுநோயையே கரைக்கும் என்ற பேச்சு அந்தப் பட்டியலில் இல்லை. மனச்சிதைவு இருந்தவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் டி.எச்.சி. பக்கமே போகக் கூடாது. சாப்பிடும் வடிவத்தில் வேலை காட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதை விழுங்குபவர்கள்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹட்யாய் போய்க் கஞ்சா மிட்டாய் வாங்கித் தின்று பார்க்கும் நம் பையன்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

செய்முறைதான் பெரிய குறை. கூடப் படித்த கனடா தாதி மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார். தாய்லாந்து மருத்துவர் தன் கிளினிக்கிலேயே பார்த்தார். எனக்குக் காகிதத்தில் எழுதிய நோயாளிகள் 20 பேர். கடைசித் தேர்வு காமெரா முன்னால். இடி மழையில் இணையம் அறுந்து, தேர்வு ரத்தானது. மறு தேர்வுக்குத் தனிக் கட்டணம். அன்று அம்மாதான் மோர் கலந்து கொடுத்து, "இன்னொரு தடவ எழுது, என்ன இப்ப?" என்றார். எழுதினேன், தேறினேன்.

இந்தச் சான்றிதழால் இங்கே எதையும் விற்கவோ பரிந்துரைக்கவோ எனக்கு உரிமை இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு சேருங்கள். மாறியது என் கவுண்டர் பேச்சு. முன்பு, "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பேன். இப்போது, "எண்ணெய், லேகியம், மிட்டாய், ஆன்லைன்ல வாங்குனது, ஹட்யாய்ல வாங்குனது ஏதாச்சும் உண்டா? என்கிட்ட சொல்லலாம்" என்கிறேன். புட்டியைக் கையில் வாங்குவதில்லை. மருந்துப் பதில் முதலில், சட்டம் பிறகு. எதை வாங்கினாலும் மால் எண், அதாவது மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பதிவு எண், இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்த மூன்றாம் மாதம், இதய வால்வு மாற்றிய ஒரு பெரியவர் ஈறில் ரத்தம் வருகிறது என்று பற்பசை கேட்டு வந்தார். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர். கேள்வியைக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "முட்டி வலிக்கு மருமகன் எண்ணெய் கொண்டாந்து குடுத்தான்மா" என்றார். வார்ஃபரினைச் சிதைக்கும் அதே நொதியை சி.பி.டி. தடுக்கிறது, ரத்தம் அளவுக்கு மேல் இளகும் என்று விளக்கி, "இன்னைக்கே மருத்துவமனைக்குப் போங்க, ஐயா. எண்ணெயையும் நிறுத்துங்க. டாக்டர்கிட்ட மறைக்காதீங்க" என்றேன். அவர் சம்மதத்தோடு மருத்துவருக்கு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு அன்று அவருக்கு 4.8. இருக்க வேண்டியது 3-க்கு மேல் போகாமல்.

மூன்று வாரம் கழித்து வார்ஃபரின் புத்தகத்தைக் கொண்டுவந்து, 2.6 என்று எழுதியிருந்த பக்கத்தை விரித்துக் காட்டினார். முட்டிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.