யூன் ஐந்தில் நட்ட கன்றுகள்

ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், உலகச் சுற்றாடல் தினமான யூன் 5ஆம் திகதி, எங்கள் பாடசாலை மாணவர்கள் மட்டக்களப்பு வாவியின் கரையில் உவர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் 60 கன்றுகளை நட்டார்கள். விருந்தினர் வந்தார்கள், பதாகை கட்டினோம், படம் எடுத்தோம். தை மாதம் போய்ப் பார்த்தபோது நான்கு கன்றுகள் மட்டுமே உயிரோடு நின்றன. நான் விஞ்ஞானம் கற்பிப்பவள். கன்றுகள் ஏன் இறந்தன என்று பிள்ளைகள் கேட்டபோது என்னிடம் விடை இருக்கவில்லை. விடை சொன்னவர், பாடசாலைக்குப் பின்னாலுள்ள கரையில் நெடுங்காலமாக வீச்சுவலை போடும் முதியவர் ஒருவர்.

"ரீச்சர், நீங்க வத்தின ஆத்தப் பாத்து நட்டுட்டீங்க. மாரியில ஆத்துவாய் வெட்டுற வரைக்கும் இந்த இடத்துல தண்ணி நெஞ்சளவுக்கு நிக்கும். பச்சப்பிள்ள எத்தின நாளைக்கு மூச்ச அடக்கும்?"

அவர் ஆறு என்று சொன்னது வாவியைத்தான். எங்கள் ஊர்களில் அதற்கு அதுதான் பெயர். 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இந்த வாவி முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் வற்றி, வாய்களை மணல் மூடிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்க, மணல் வெட்டப்பட்டு வாய் திறக்கும் வரையில் நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது. கண்டலின் வேரிலுள்ள பட்டைவாய்கள் எனப்படும் நுண்துளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் புதைந்த பகுதிக்கு வளி போகிறது. அத்துளைகளும் இலைகளும் சேர்ந்து வாரக்கணக்கில் மூழ்கிவிட்டால் இளங்கன்று பிழைக்காது. இந்த உயிரியல் எனக்குத் தெரியாததன்று; பாடநூலில் இருந்து நானே கற்பித்ததுதான். அந்தக் கரையில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்கும் என்பதே தெரியாமல் இருந்தது.

பின்னர் வாசித்தபோது, இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த பிழையன்று என்பது விளங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கரையோரமெங்கும் கண்டல் நடுகை பெருமெடுப்பில் நடந்தது. 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று கண்டது. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும், மாடு மேய்ந்ததும் முக்கிய காரணங்களாகச் சொல்லப்பட்டன. இந்தச் செய்தியை நான் வகுப்பில் மறைக்கவில்லை. பெரியவர்கள் செய்த பெரிய வேலைகளும் தோற்றிருக்கின்றன, தோற்றதை எண்ணிப் பார்த்தவர்கள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னபோது, அதுவரை குற்றவுணர்ச்சியோடு இருந்த பிள்ளைகளின் முகம் மாறியதை நான் கண்டேன்.

சுற்றாடல் கல்விக்கு நம் நாட்டில் வாய்ப்பே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தை நடத்தி, படிப்படியாகச் சனாதிபதிப் பதக்கம் வரை வழங்குகிறது. ஆசிரியராக வரவிருப்போருக்குத் தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கோ, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்த குமண ஈரநிலம் சொந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் ஏற்றிச் சென்று கண்டல் காட்டைக் காட்டுகிறார்கள். அந்தத் தோணிகளில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள்தான் ஏறுகிறார்கள் என்பது எனக்கு மனவருத்தம்.

இல்லாதது நேரமும் துணிவும்தான் என்று நான் கருதுகிறேன். பாடசாலை மதிலிலிருந்து வாவி ஐந்து நிமிட நடைத் தூரத்தில் இருந்தாலும் பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்ல விண்ணப்பம், பெற்றோர் சம்மதம், அதிபரின் பொறுப்பு, கல்வி வலயத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். இவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். வாவியில் முதலை இருக்கிறது, சேறும் ஆழமும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பிப்பதற்குப் பதிலாக, ஆண்டின் தொடக்கத்திலேயே மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாள்களையும் குறித்து ஒரே விண்ணப்பமாகக் கொடுக்கலாம் என்பதை நாங்கள் பின்னரே கற்றுக்கொண்டோம். புலமைப்பரிசில் வகுப்பையும் சாதாரண தரப் பரீட்சையையும் காரணம் காட்டும் பெற்றோருக்கு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு இந்த வேலையையே பயன்படுத்துகிறோம் என்று குறிப்பேட்டைத் திறந்து காட்டினால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

கரைக்குப் போன முதல் நாளில் நான் எதையும் விளக்கவில்லை. அந்த முதியவரை முன்னே நடக்கவிட்டு நாங்கள் பின்னால் போனோம். பாடநூல் கண்டல் தாவரங்கள் என்று ஒரே பெயரில் அடக்குவதை அவர் கண்ணா, கண்டல், தில்லை என்று பிரித்துக் காட்டினார். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும், கொப்பை ஒடிக்காதே என்று தரம் 8 மாணவன் ஒருவனின் கையைத் தட்டிவிட்டார். பிறகு கண்ணா இலை ஒன்றைக் கிள்ளி, "நாக்க வெச்சுப் பாரு மனே" என்றார். காலை வெயிலில் அந்த இலையின் மீது மிக நுண்ணிய பொடி மின்னிக்கொண்டிருந்தது. நாக்கை வைத்த பையன் முகத்தைச் சுளித்து "உப்பு!" என்று கத்தினான். அடுத்த நிமிடம் இருபத்தாறு பிள்ளைகளும் ஆளுக்கோர் இலையைக் கையில் வைத்திருந்தார்கள். வேர் உறிஞ்சிய உப்பில் ஒரு பகுதியை இலைச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன என்று நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்காக ஒரு பிள்ளையும் அப்படிக் கத்தியதில்லை.

அன்றைக்கே கரையில் ஒரு மூங்கில் தடியை நட்டோம். சென்றிமீற்றர் அளவுகளை எனாமல் வர்ணத்தால் தீட்டியவர்கள் தரம் 9 மாணவிகள். ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை நீர்மட்டத்தைக் குறிக்கிறோம். உறிஞ்சுகுழாயின் அடியில் களிமண் அடைத்துச் செய்த மிதவையால் நீரின் உப்புச் செறிவையும் ஒப்பிடுகிறோம். உவர் கூடினால் மிதவை மேலே எழும், மழைநீர் கலந்தால் தாழும். கருவி துல்லியமானதன்று. ஆனால் ஆற்றுவாய் வெட்டப்பட்ட பிறகு கடல்நீர் உள்ளே ஏறுவதை அந்த உறிஞ்சுகுழாய் காட்டியபோது, அதே வாரத்தில் எந்த மீன் பட்டது, இறால் எப்படி என்று கேட்டு எழுதவும் பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கினார்கள். மீனவர்கள் தோணியை ஒதுக்கிவிட்டு நின்று பதில் சொன்னார்கள். ஒருவர், தடி நின்ற இடத்தில் அலை அடித்து அளவு பிழைக்கிறது என்று சொல்லி, தாமே அதைப் பிடுங்கி மறைவான இடத்தில் ஊன்றிவிட்டுப் போனார்.

ஊர் மக்களுக்கான சுற்றாடல் கல்வி என்றால் ஒலிபெருக்கியும் துண்டுப்பிரசுரமும் என்று நினைத்திருந்த எனக்கு, இது வேறொரு வழியைக் காட்டியது. பிள்ளைகளுக்கு வீட்டுவேலையாக ஒரு கேள்வி கொடுத்தேன்: 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்கு முன்னர் இந்தக் கரை எப்படி இருந்தது என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். வந்த விடைகள் என்னைத் திகைக்க வைத்தன. இப்போது வெறும் உவர்த்தரையாகக் கிடக்கும் இடத்தில் பகலிலும் இருட்டாக இருந்த கண்ணாக் காடு, அதற்குள் நண்டு பிடித்த கதை, யுத்த காலத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லி மரங்கள் வெட்டப்பட்டது, அதன்பின் அந்தப் பக்கமே போகாமல் விட்டது. இவற்றை ஒரு வரைபடத்தில் குறித்து மாதர் சங்கக் கூட்டத்தில் பிள்ளைகள் விரித்தபோது, பெண்கள் எழுந்து வந்து விரலால் திருத்தினார்கள். ஒரு மூதாட்டி, கோடு இன்னும் தெற்கே போக வேண்டும், தம்முடைய தகப்பனார் அங்கேதான் தோணி கட்டுவார் என்று விடாப்பிடியாக நின்றார். கோட்டை அழித்து மீண்டும் வரைந்தோம்.

ஆசிரியப் பயிற்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கலந்துகொண்ட பயிற்சிகள் பெரும்பாலும் மண்டபத்துக்குள், மின்விசிறிக்குக் கீழே, திரையில் ஓடும் படங்களோடு முடிந்தன. அங்கே தந்த உணவுப் பொதிகளும் பொலித்தீனில்தான் சுற்றப்பட்டிருந்தன. ஒரு நாள் பயிற்சியின் பாதியையாவது கரையில் நடத்தி, ஒரு மீனவரையும் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரையும் பக்கத்தில் நிறுத்தி, ஆசிரியர்களையே அளக்கவும் பிழைவிடவும் விட்டால், அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகத் துணிவார்கள். எனக்குத் துணிவு வந்தது அப்படித்தான். நடுகைக்கான நாளையும் உலக நாட்காட்டி தீர்மானிக்க வேண்டியதில்லை. யூன் எங்களுக்குக் கோடை. சுற்றாடல் தினத்தன்று அளக்கலாம், கரையில் சிக்கிய பிளாஸ்ரிக்கைத் தரம் பிரித்து எண்ணலாம். நடுவதை வாவியின் பருவம் பார்த்துச் செய்யலாம்.

அந்த முதல் நடுகைக்குப் பின் நாங்கள் கன்று ஒன்றும் நடவில்லை. மூன்று ஆண்டு அளவீட்டுக்குப் பிறகு, மாரியிலும் நீர் அதிகம் ஏறாத ஒரு சிறு துண்டை அந்த முதியவரோடு சேர்ந்து தெரிந்தெடுத்து, மாடு நுழையாதபடி கம்புவேலி அடைத்தோம். மாட்டுக்காரர்களிடம் போய் முன்கூட்டியே பேசியவர்கள் பிள்ளைகளின் தகப்பன்மார். கண்ணா விதைகள் நீரில் மிதந்து வந்து தாமாகவே ஒதுங்கின. கடந்த சனிக்கிழமை எண்ணியபோது வேலிக்குள் 41 கன்றுகள் இருந்தன. உயரமானது என் முழங்காலைத் தாண்டிவிட்டது. மாரி கழிந்து தண்ணீர் இறங்கியதும் மறுபடி எண்ண வேண்டும். அதற்கான பக்கத்தைத் தரம் 8 பிள்ளைகள் குறிப்பேட்டில் இப்போதே கோடிட்டு வைத்திருக்கிறார்கள்.