ஒக்ரோபர் ஏழு வரைக்கும்

ஜூலை 6, 2022, புதன்

வந்திட்டுது! காலமை பஸ்ஸுக்குள்ள போனைத் திறந்தால் முதல் செய்தியே அதுதான். ஆல்வேய்ஸ் எண்ட பாண்டின்ர மூண்டாவது அல்பம், பெயர் ‘ப்ளூ ரெவ்’, ஒக்ரோபர் 7 வெள்ளிக்கிழமை. 2017 செப்டம்பருக்குப் பிறகு இவையிட்டயிருந்து ஒரு முழு அல்பம். கையோட ஒரு பாட்டையும் விட்டிருக்கினம். பாட்டின்ர பெயர் ‘ஃபார்மசிஸ்ட்’. நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால நிண்டு குளிசை எண்ணுற ஒருத்தி ஸ்காபரோவில இருக்கிறாள் எண்டு பாடகி மொலி ராங்கினுக்கு ஆர் சொன்னது?

ரெண்டு நிமிசப் பாட்டு. கடைசியில கிற்றார் வந்து எல்லாத்தையும் மூடிப்போடுது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதையேதான் கேட்டன். வேலையிடத்து அக்கா கேட்டா, “என்ன பிள்ளை, தனியச் சிரிக்கிறீர்?” எண்டு.

ஏன் இவ்வளவு காலம் எண்டும் எழுதியிருக்கு. ராங்கினின்ர வீட்டுக்குள்ள கள்ளன் பூந்து, புதுப் பாட்டுகள் பதிஞ்சு வைச்சிருந்த ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போட்டான். அடுத்த நாள் பேஸ்மென்ற்றுக்குள்ள வெள்ளம், வாத்தியங்கள் எல்லாம் அருந்தப்பில தப்பினது. பிறகு கொரோனா. டிரம்ஸ் அடிக்கிற ஆளும் பேஸ் வாசிக்கிற ஆளும் எல்லைக்கு அங்கால, அமெரிக்காவில. எல்லை பூட்டு. இதுக்கு மேல என்ன வேணும்?

அம்மாவின்ர ஒபரேசனுக்குத் திகதி சொல்ல ஹொஸ்பிட்டலில இருந்து இன்னும் போன் இல்லை.

ஜூலை 8, வெள்ளி

விடிய எழும்பினால் போனில ஒரு கோடும் இல்லை. நாட்டில கனபேருக்கு நெட்வொர்க் படுத்திட்டுது. கடையில டெபிட் மெசின் வேலை செய்யேல்லை. காசு கொண்டந்த ஆக்களுக்கு மட்டும் மருந்து. ஒரு வயசான மனுசன் கார்ட்டை மெசினில போட்டுப் போட்டு எடுத்தார், தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டு. இன்சுலினுக்கு வந்தவர். அக்கா ஒரு துண்டில பெயரை எழுதி வைச்சிட்டுக் குடுத்து அனுப்பினா.

எனக்கு ஒரே யோசனை. இண்டைக்குத்தான் ஹொஸ்பிட்டல் ஆக்கள் எடுத்திருந்தால்? என்ர நம்பரைத்தான் குடுத்திருக்கு, அம்மா போன் எடுத்தால் “இங்கிலீஷ் நோ” எண்டு வைச்சிடுவா எண்டு. போன் அடிச்சே இருக்காது. ரெண்டாம் தரம் எடுப்பினமோ? இல்லாட்டி லிஸ்டில அடுத்த ஆளுக்குப் போயிடுவினமோ? அடுத்த ஆளுக்கும் இதே நெட்வொர்க் எண்டால் அவருக்கும் கிடைக்காது, அதுக்கடுத்த ஆளுக்குப் போகும். அந்த ஆளின்ர போன் வேற கொம்பனி. அந்த ஆளுக்குத் திகதி கிடைச்சிடும். அந்த ஆளை நான் பின்னேரம் முழுக்க மனசுக்க திட்டிக்கொண்டு இருந்தன். ஆணோ பெண்ணோ எண்டுகூடத் தெரியாது.

டவுன்டவுனில த வீக்கெண்டின்ர கச்சேரியையும் தள்ளிப்போட்டாச்சாம். பாட்டுக் கேக்கவும் வழியில்லை, எல்லாம் இணையத்திலதானே கிடக்கு.

ஜூலை 9, சனி

போன் வந்திட்டுது. வொய்ஸ்மெயில் ஒண்டும் இல்லை.

அம்மா ரீவியை விட்டு எழும்பேல்லை. கொழும்பில ஜனாதிபதி மாளிகைக்குள்ள சனம். நீச்சல் குளத்தில பெடியள் குதிக்கிறாங்கள். நான் சிரிச்சன். அம்மா சிரிக்கேல்லை. கனநேரத்துக்குப் பிறகு, “2009இல இந்தச் சனம் எங்க நிண்டது?” எண்டு மட்டும் கேட்டா. பிறகு பிரஷர் குளிசை போட்டாச்சோ எண்டு என்னைக் கேட்டா. அவவின்ர குளிசை, என்னைக் கேக்கிறா.

ஜூலை 14, வியாழன்

கோட்டா சிங்கப்பூரில இருந்து ஈமெயிலில ராஜினாமா. எங்கட ஹொஸ்பிட்டல் இன்னும் ஃபாக்ஸிலதான்.

ஜூலை 19, செவ்வாய்

ஸ்படைனா வீதியில இருக்கிற இசைத்தட்டுக் கடைக்குப் போய் ‘ப்ளூ ரெவ்’வுக்குக் காசு கட்டினன். அண்டைக்கே கைக்கு வருமோ எண்டு கேட்டால் கடைப் பெடியன் தோளைக் குலுக்கினான். இப்ப தட்டு அச்சடிக்கிற ஆலைகளில மாசக்கணக்கில வரிசையாம். அடெல் போன வருசம் தன்ர அல்பத்துக்கு ஐஞ்சு லட்சத்துக்கு மேல அடிக்கச் சொன்னவ. சின்ன பாண்டுகளுக்கு எங்க இடம் இருக்கும்?

அதுக்கும் முந்தியே பிரச்சினை தொடங்கிட்டுது. தட்டு அச்சடிக்க முதல் ஒரு மூலத்தட்டில பாட்டை வெட்டவேணும். அலுமினியத் தட்டு, மேல லாக்கர் பூச்சு. அந்த வெறும் தட்டுகளைச் செய்ய உலகத்திலயே ரெண்டு இடம்தான் இருந்தது. ஒண்டு கலிபோர்னியாவில பானிங் எண்ட ஊரில. 2020 பெப்ரவரியில அது எரிஞ்சுபோச்சு. மிச்சம் ஜப்பானில இருக்கிற ஒண்டு. எரிஞ்ச இடத்தின்ர படத்தை அந்த நேரம் பாத்திட்டு ஒரு கிழமை ஆக்களைப் பிடிச்சுப் பிடிச்சுச் சொன்னனான். ஒருத்தருக்கும் கவலையில்லை.

வீட்டில அப்பாவின்ர பிளேயர் இருக்கு. ஊசி தேஞ்சுபோச்சு. தம்பியிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன்.

ஆகஸ்ட் 3, புதன்

நேற்று நல்லூர்க் கொடி. அம்மா இருபத்தைஞ்சு நாளும் விரதம் எண்டு நிக்கிறா. சீனி மருந்து எடுக்கிற ஆள் ஒரு நேரச் சாப்பாட்டோட இருக்க ஏலாது எண்டால், “முருகனுக்குத் தெரியும்” எண்டுறா. ஃபார்மசியில வேலை செய்யிற பிள்ளைக்குத் தெரியாது, முருகனுக்குத் தெரியும். கடைசியில மரக்கறி மட்டும், மூண்டு நேரமும் சாப்பிடவேணும் எண்டு ஒப்பந்தம்.

ஆகஸ்ட் 11, வியாழன்

நம்பர் இல்லாத அழைப்பு. ஓடிப்போய் எடுத்தன். டக்ற் கிளீனிங் செய்யவோ எண்டு கேக்கிற விளம்பரக்காரர்.

ஆகஸ்ட் 27, சனி

ரெண்டாவது பாட்டும் வந்து கேட்டாச்சு. நல்ல பாட்டு, முதலாவதைவிட நல்லது எண்டும் சொல்லலாம். ஆனால் இனி முன்னோட்டப் பாட்டு ஒண்டும் கேக்கிறேல்லை எண்டு முடிவு. பதினாலு பாட்டில அஞ்சை முன்னமே கேட்டுத் தேய்ச்சுப்போட்டு, ஒக்ரோபரில மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு இருக்க ஏலாது.

அதுவும் இந்த அல்பத்துக்கு அப்பிடிச் செய்யக்கூடாது. லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்ரூடியோவில ரெண்டாம் நாளே ஷோன் எவரெட், அவர்தான் தயாரிப்பாளர், முதல் பாட்டிலயிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் நிப்பாட்டாமல் வாசியுங்கோ எண்டு சொல்லிப்போட்டார். பாட்டுக்குப் பாட்டு பதினைஞ்சு செக்கன் இடைவெளி. முழுக்க ஒருக்கா, அரை மணித்தியாலம் ஓய்வு, திருப்பி முழுக்க ஒருக்கா. பிறகுதான் இருந்து செதுக்கினது. முழுசா வாசிச்சதை நான் துண்டு துண்டாக் கேக்கிறதோ?

தம்பி ஒட்டாவாவில இருந்து போனில சிரிக்கிறான். “அக்கா, அது பாட்டு. சோதனைப் பேப்பர் இல்லை.” அவனுக்கு ஆர்க்டிக் மங்கீஸ் எண்ட பாண்ட்தான் பிடிக்கும். அவைக்கும் இந்தக் கிழமை திகதி சொல்லியாச்சு, ஒக்ரோபர் 21. மங்கீஸுக்குத் திகதி இருக்கு. பீனிக்ஸ் பாண்டுக்கு நவம்பர் 4 இருக்கு. தெருமுனையில வீதி கிண்டுறவன்கூட எப்ப முடியும் எண்டு பலகை போட்டிருக்கிறான். நான் ஹொஸ்பிட்டலுக்கு எடுத்துக் கேட்டால், “யூ ஆர் ஒன் த லிஸ்ட்” எண்டுற பிள்ளையின்ர குரல் இப்ப எனக்கு நித்திரையிலயும் கேக்குது. நல்ல பிள்ளை, மரியாதையாத்தான் கதைக்கிறாள். அவளில பிழையில்லை. எத்தினையாவது ஆள் எண்டு மட்டும் சொல்லமாட்டாள்.

ஊசி வரேல்லை.

செப்டம்பர் 8, வியாழன்

மகாராணி போயிட்டா. வேலையில எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டு நிண்டிச்சினம். அம்மா, “54இல சிலோனுக்கு வந்தவ, ஐயா போய்ப் பாத்தவர்” எண்டா.

2017இல இதே திகதிதான் ஆல்வேய்ஸின்ர ரெண்டாவது அல்பம் வந்தது. அப்பா வேலைக்குக் கொண்டுபோய் விட்ட நாள். காருக்குள்ள போட்டனான். மூண்டு பாட்டு பேசாமல் கேட்டிட்டு, “இந்தப் பிள்ளை நல்லாத்தான் பாடுது, ஏன் கிணத்துக்குள்ள நிண்டு பாடுது?” எண்டார். எக்கோவைச் சொன்னவர். ராங்கினின்ர அப்பாவும் பாட்டுக்காரர்தான், ராங்கின் ஃபமிலி எண்டு கேப் பிரெட்டனில பெரிய குழு, அவர் ஃபிடில் வாசிச்சவர். 2000ஆம் ஆண்டு வாகனம் கடலுக்குள்ள விழுந்து போயிட்டார். இதை அப்பாவுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓடினார். பிறகு சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

செப்டம்பர் 24, சனி

நேற்று அலெக்ஸ் ஜியின்ர அல்பம் வந்தது. போன கிழமை பெத்ஸ். ரெண்டும் நல்லம் எண்டு தெரியுது, ஒண்டும் உள்ளுக்க இறங்குதில்லை. ஆல்வேய்ஸும் திருப்பிப் பாட்டு விட்டிருக்கினம். கேக்கேல்லை. வேலையிடத்து அக்காவின்ர மகள் கடைக்கு வந்து தன்ர போனில போட வெளிக்கிட்டாள். ஸ்ரோர் ரூமுக்குள்ள போய் நிண்டன்.

செப்டம்பர் 29, வியாழன்

நம்பர் இல்லாத அழைப்பு. கையில கிளவுஸ். கழட்ட முந்தி நிண்டிட்டுது. நம்பர் இல்லாததுக்குத் திருப்பி எடுக்கவும் ஏலாது.

ஒக்ரோபர் 3, திங்கள்

திகதி தந்தாச்சு. ஒக்ரோபர் 24.

எழுதினாப் பிறகுதான் கலண்டரைப் பாத்தன். தீபாவளி. அம்மா, “தீபாவளி அண்டு ஆரும் ஆசுப்பத்திரிக்குப் போவினமே? மாத்திக் கேள் பிள்ளை” எண்டா. மாத்திறதோ! நான் போட்ட சத்தத்தில கீழ்வீட்டு ஆக்கள் ஒருக்காத் தட்டினவை.

பிறகு ரெண்டு பேரும் பேப்பரை வாசிச்சம். முதல்நாள் இரவும் அண்டு விடியவும் அவை சொல்லுற சோப்பைப் போட்டுக் கழுத்துக்குக் கீழ முழுகவேணும். குளோர்ஹெக்சிடின், நாலு வீதம், எங்கட கடையில மூண்டாம் தட்டில இருக்கு, நாளைக்கு எத்தினையோ பேருக்கு எடுத்துக் குடுக்கிற சாமான். பிறகு கிறீமோ எண்ணெயோ ஒண்டும் பூசக்கூடாது. அம்மா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, “அப்ப தீபாவளிக்கு முழுக்கு இருக்கு, எண்ணெய்தான் இல்லை” எண்டா. இதுக்குத்தான் முதல்முதல் ரெண்டு பேரும் சிரிச்சது.

ஒக்ரோபர் 6, வியாழன்

அல்பம் ஒவ்வொரு நாட்டிலயும் அந்தந்த நாட்டு நடுச்சாமத்துக்குத்தான் திறக்கும். எங்களுக்குக் காலமை ஏழு மணிக்கே நியூசிலாந்தில வெள்ளிக்கிழமை பிறந்திட்டுது. பின்னேரம் ரெண்டரைக்கு இலங்கை. ரெண்டே முக்காலுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து மச்சாள் மெசேஜ்: “கேக்கிறன் மச்சாள். உங்கட ஊர் பாண்ட்தானே? நாலாவது பாட்டு என்ன மாதிரி…” மிச்சத்தை வாசிக்காமல் போனைக் கவுத்து வைச்சன். ரொறன்ரோப் பாண்ட். இங்கயிருந்து ரெயின் எடுத்தால் அவை வாசிச்சுத் திரிஞ்ச கிளப்புகளுக்குப் போயிடலாம். கோண்டாவிலில கறண்ட் வெட்டுக்கு நடுவில இருக்கிறவள் எனக்கு முந்திக் கேட்டிட்டாள்.

நித்திரை முழிக்கப்போறன். நாளைக்குக் காலமை எட்டு மணி ஷிஃப்ட். பரவாயில்லை.

ஒக்ரோபர் 7, வெள்ளி

நாப்பது நிமிசத்துக்கும் குறைவு. ரெண்டு தரம் கேட்டன், லைற்றை நூத்துப்போட்டு.

எனக்கு அல்பம் மூண்டாவதிலதான் தொடங்குது, முதல் ரெண்டும் பழகிப்போச்சு. பிறகு மூச்சுவிட இடமில்லை. கிற்றார் மேல கிற்றார், சில இடத்தில சொல் பிடிபடேல்லை. அப்பா சொன்ன கிணறு இன்னும் ஆழமாப் போயிருக்கு. ஏழாவது பாட்டை நான் தூக்கியிருப்பன், குரலைப் பிடிச்சு முறுக்கினது தேவையில்லாத விளையாட்டு. ஆனால் பதினோராவது! கடைசியில சுருதி ஒருபடி ஏறி, குரல் அதுக்கு மேல ஏறேக்க நான் கட்டிலில எழும்பி இருந்திட்டன். இதைத்தான் போன மாசம் முன்னோட்டமா விட்டவை. கேக்காமல் வைச்சது நல்லதாப் போச்சு.

வேலையில ஒரு லேபிளை ரெண்டு தரம் சரிபாத்தன். நித்திரைக் கண்.

ஒக்ரோபர் 9, ஞாயிறு

தம்பி தாங்ஸ்கிவிங் லீவுக்கு வந்திருக்கிறான். ஊசி கொண்டந்தவன், வேற மொடலுக்கு உரியது. திருப்பி அனுப்பவேணும். ஏழாவது பாட்டுத்தான் அல்பத்திலயே திறமானதாம் அவனுக்கு! நடுச்சாமம் வரைக்கும் சண்டை, அம்மா எழும்பி வந்து ரெண்டு பேருக்கும் பேசினவ.

செவ்வாய் எட்டேகாலுக்கு ஒபரேசனுக்கு முந்தின செக்கப். குளிசை லிஸ்ட் பிரிண்ட் எடுக்கவேணும், சீனிக்குப் போடுற மெட்ஃபோர்மினை எண்டைக்கு நிப்பாட்டுறது எண்டு கேக்கவேணும். மச்சாள் நாலாவது பாட்டைப் பற்றி எழுதினதை இப்பதான் முழுக்க வாசிச்சன், அவள் சொன்னது சரிதான், அதை நாளைக்கு