மணல் குடித்த தண்ணீர்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து அடிக்கடி சொல்கிற புகார் ஒன்று உண்டு: "தண்ணி குடிக்கு, எங்க போவுதுன்னு தெரியல." தண்ணீர் மாயமாய்ப் போகாது. வெளியே ஒழுகும், இல்லையென்றால் சிலிண்டருக்குள் புகுந்து சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாய்ப் போகும், அதுவும் இல்லையென்றால் ஆயிலில் கலக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இன்ஜினைக் குளிர்விக்கிற இந்தத் தண்ணீர், அதாவது கூலன்ட், ஒழுகும்போது வண்டிக்காரரின் பணம் வீணாவது ரிப்பேர் செலவால் அல்ல. ஊகத்தின்பேரில் மாற்றுகிற சாமான்களால்தான்.

திசையன்விளைப் பக்கத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி 2001 மாடல் சுமோவைக் கொண்டுவந்தார். டீசல் வண்டி, நன்றாகவே ஓடியிருக்கிறது. வேறு இடத்தில் ரேடியேட்டர் மாற்றியாயிற்று, தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பான வாட்டர் பாடி மாற்றியாயிற்று, ஓஸ்களும் கிளிப்புகளும் புதுசு. அப்படியும் திருநெல்வேலிக்கு வரும்போது நாங்குநேரி தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிடும். "செலவு பண்ணி அலுத்துப் போச்சு வே. வித்துரலாமான்னு பாக்கேன், மனசு வரமாட்டேங்கு. நீரு பாத்து சொல்லும்" என்றார்.

பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தெர்மோஸ்டாட் வால்வு இல்லாத ஹவுசிங். சூடேறுகிற வண்டி என்றால் அந்த வால்வைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் பழக்கமாகிவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. சுமார் 82 டிகிரியில் திறக்கிற அந்த வால்வுதான் இன்ஜினைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடுதலாகப் போகும், சிலிண்டர் தேயும். ஒழுக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதல் வேலையாக ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். காபி நிறத்தில் நுரைத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் என்று அர்த்தம். இதில் ஆயில் கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தோம். விடாமல் குமிழி வந்தால், இன்ஜினின் உடம்பான பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். குமிழி இல்லை, சைலன்சரில் தித்திப்பு வாடை இல்லை. சரி, ஒழுக்கு வெளியேதான்.

வாட்டர் பாடியின் அடிப்பக்கம் சிறிய துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் போய்விட்டால், தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். அதை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை செய்கிறவன் வாயைப் பொத்துகிற வேலை அது. இந்தச் சுமோவில் துளை காய்ந்து கிடந்தது.

அப்புறம் பிரஷர் டெஸ்டர். ரேடியேட்டர் கழுத்தில் மாட்டி, கைப் பம்பால் மூடி தாங்கும் அளவுக்கு, ஏறக்குறைய 13 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினோம். முள் மெதுவாக இறங்கியது. ஆனால் எங்கேயும் சொட்டு இல்லை. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். திரும்பவும் ஏற்றிவிட்டு, டார்ச்சும் நீளக் காம்பு வைத்த கண்ணாடியுமாக ஒவ்வொரு பக்கமாகத் தேடினோம். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகிற மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் பக்கவாட்டில், விரல் அகலத்துக்குத் துருக்கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தது. அதன் மேல்முனையில் கோர் பிளக். பிளாக்கை வார்க்கும்போது மணலை வெளியே எடுக்க விடுகிற ஓட்டையை அடைக்கும் இரும்பு மூடி அது.

அண்ணாச்சி ஏன் ஒருநாளும் சொட்டைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஓடும்போது மேனிஃபோல்டுச் சூட்டில் கசிவு அங்கேயே ஆவியாகிவிடுகிறது. "ராத்திரி வண்டி எங்க நிக்கும்?" என்று கேட்டேன். "வீட்டு முன்னாலதான், தேரி மணல்ல" என்றார். செக்கச்செவேலென்ற அந்த மணலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாலே கொஞ்ச நேரத்தில் இடம் தெரியாது. நாலு சொட்டு எப்படித் தெரியும்? மணல் தரையில் வண்டி நிறுத்துகிறவர்கள் ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் போதும், காலையில் ஈரம் எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும்.

மேனிஃபோல்டு நட்டுகள் துருப்பிடித்திருந்தன. அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் முறிந்துவிடும் என்பதால் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் கழற்றினோம். பிளக்கின் ஒரு ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும். பிளேயரால் பிடித்து இழுத்துவிடலாம். உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் வெளிப்பக்கம் முழுசாக இருந்தது. உட்பக்கம் கீழ்ப்பாதி அப்பளம்போல மெலிந்து, ஊசி நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்குப் பின்னால் செங்கல் நிறச் சேறு. கம்பியால் கிளறிக் கிளறி எடுத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பைப்பை வைத்து அடித்தோம்.

அந்தச் சேற்றில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. இத்தனை வருஷமும் ரேடியேட்டரில் ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். கடலோரப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு. உப்பு இரும்பை அரிக்கிறது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சூடு அதிகமான இடமாகப் பார்த்து, சிலிண்டரைச் சுற்றியும் ஹெட்டிலும், படிகிறது. படிந்த சுண்ணாம்பு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாமல் தடுக்கிறது. "அப்போ தாமிரபரணித் தண்ணி ஊத்தலாமா?" என்றார் அண்ணாச்சி. அல்வாவுக்கு அந்தத் தண்ணீரை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் கிடையாது. டிஸ்டில்டு வாட்டரும் அந்த மருந்து சேர்ந்த கடை கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதுதான் இன்ஜினுக்கு நல்லது.

இடையில் யாரோ மஞ்சள் தூளும் போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டரில் ஒரு பொட்டு ஓட்டை விழுந்து நடுவழியில் நிற்பவருக்கு அது வீடு போய்ச் சேர உதவலாம். அதையே வைத்தியமாக வைத்துக்கொண்டால் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். புது ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று.

ஓட்டையின் உள்வட்டத்தை எமரி தாளால் துடைத்து, வெர்னியரில் அளந்து, பித்தளை பிளக் வாங்கினோம். இரும்புப் பிளக்கைப்போல அது துருப்பிடிக்காது. ஓரத்தில் மெலிதாக சீலன்ட் தடவி, பிளக்கின் குழிக்குள் சரியாக உட்கார்கிற சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டினோம். கோணலாக இறங்கினால் திருத்தக் கூடாது, எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதுதான் வைக்க வேண்டும். அதே பக்கத்தில் இருந்த மற்ற பிளக்குகளையும் மாற்றினோம். ஒரே வயது, ஒரே இரும்பு, ஒரே தண்ணீர்.

தெர்மோஸ்டாட் வால்வு திரும்ப வந்தது. ரப்பர் காய்ந்துபோன ரேடியேட்டர் மூடியும் மாறியது. பிரஷர் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி உயரும். மூடி பிடிக்காவிட்டால் அந்த லாபம் போய்விடும். மறுபடியும் டெஸ்டரை மாட்டி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். முள் வைத்த இடத்தில் நின்றது. வடித்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவில்லை. கூலன்ட் கலந்திருந்தால் தித்திப்பாக இருக்கும், தெருவில் திரிகிற ஆடோ நாயோ குடித்தால் செத்துப்போகலாம்.

ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு பாபநாசம் போய்விட்டு, அப்படியே மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் ஏற வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. ஏற்றத்தில் சூடேறுமா என்று கேட்டார். முள்ளில் கண் இருக்கட்டும், ஏறினால் ஓரமாக நிறுத்தும், கை வைத்துத் தாங்குகிற அளவுக்கு ஆறாமல் மூடியைத் தொடவே தொடாதீரும், தண்ணீர் தேவைப்பட்டால் ஊற்ற இதை வண்டியில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லி, ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரைப் பின் சீட்டுக்கு அடியில் வைத்து அனுப்பினேன். அமாவாசை முடிந்து போன் செய்தார். கேனைத் திறக்கவே இல்லையாம்.